முனிரத்தினத்தின் மதிப்பெண்

வங்கிக்காரர் திரையை என் பக்கம் திருப்பினார்.
என் பெயருக்கு நேராக
மைனஸ் ஒன்று.

சைபர்கூட இல்லையா சார்?

சைபர் வாங்கணும்னாலே
ஆறு மாசமாவது கடன் கட்டியிருக்கணும்.
நீங்க வாங்கவே இல்ல.
கம்ப்யூட்டருக்கு உங்களத் தெரியாது.

கடன் வாங்காதவனா நான்?
பர்கூர் மளிகைக் கடையில்
மூன்றாவது நோட்டு ஓடுகிறது என் பேரில்.
தர்சினியின் தோடு நான்கு முறை அடகுக்குப் போய்
நான்கு முறையும் காதுக்குத் திரும்பியிருக்கிறது.
செவ்வாய்க்கிழமை வட்டிக்காரர்
என் வீட்டு வாசலில் ஹாரன்கூட அடிப்பதில்லை,
பணம் கதவிடுக்கில் இருக்கும்.

அதெல்லாம் ஏறாதுங்க, என்றார்.
முகாம் அட்டையை வாங்கி
செல்லாத நோட்டைப் பார்ப்பதுபோல
ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.
ஏழு வயதில் படகிலிருந்து இறங்கியவன்.
அவர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்.

முகாமில் மாதம் இரண்டு தடவை
வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள்.
அங்கே நான் ஒன்று.
வங்கியில் மைனஸ் ஒன்று.
கூட்டினால் எவ்வளவு என்று
ஆறாவது படிக்கும் மகளிடம் கேட்டேன்.
இது தெரியாதாப்பா, சைபர், என்றாள்.
அப்பாடா, பாஸ்.

ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவன்
முனிரத்தினம்.
முன்னொரு காலத்தில் ஒரு மொபெட்டுக்குத்
தவணை கட்டி முடித்தவன்.
அதனால் கம்ப்யூட்டருக்கு அவனைத் தெரியும்.
உன் பேரில் எடுத்துத் தருவாயா என்று கேட்க
எனக்கு மூன்று வாரம் ஆனது.
அவன் ஒன்றும் யோசிக்கவில்லை.
பேனா எழுதுதா என்று மட்டும்
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தான்.

வந்தது குட்டி யானை, வெள்ளை நிறம்,
இடது கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும்.
புத்தகத்தில் அவன் பெயர்.
கண்ணாடியில் அவன் மகள் பெயர், ஹேமப்பிரியா,
சிவப்பு ஸ்டிக்கரில்.
யாருப்பா அது என்று கேட்டாள் என் மகள்.
வண்டிதான்மா, வண்டிக்குப் பேரு, என்றேன்.

தவணை ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது.
ஐந்தாம் தேதி பிடிப்பார்கள்,
மூன்றாம் தேதியே அவன் கணக்கில் போட்டுவிடுவேன்.
தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்கு விழுந்து
சூளகிரி ரோட்டோரம் கொட்டிக் கிடந்த மாதமும்
மூன்றாம் தேதிதான்.
(தோடு ஐந்தாம் முறை போனது அப்போது.
இன்னும் வரவில்லை.)
சோதனைச் சாவடியில் வண்டி யாருது என்பார்கள்.
சிநேகிதனுது சார்.
முப்பத்தாறு மாதம் இதையே சொல்லிச் சொல்லி
ஒருநாள் முனிரத்தினமே
வண்டி எங்கடா என்று கேட்டபோது
சிநேகிதன் எடுத்துப் போயிருக்கான் என்று
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

போன வாரம் கடன் முடிந்தது.
முகாம் கேட்டுக்கு வெளியே வந்து நின்றான்,
கையில் போனோடு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு.
யோகு, இதப் பாரு.

வாழ்த்துகள் முனிரத்தினம்.
உங்கள் மதிப்பெண் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று.
நான்கு லட்சம் உங்களுக்காகத் தயார்.

அவன் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும்
முப்பத்தைந்தைத் தாண்டியதில்லையாம்.
சிரித்தோம்.
பிறகு அவன் சிரிக்கவில்லை.
போர் போடணும்டா.
மூணு வருசமா தண்ணி இல்ல.
இது உன்னோட மார்க்கு.
உன்னக் கேட்டுட்டு எடுக்கலாம்னு.

போன் திரை இருண்டது.
விரலால் தட்டினேன், எண் மறுபடி வந்தது.
அழகான எண்தான்.

எடுத்துக்க, என்றேன்.
ஆனா அஞ்சாந்தேதி தாண்டக் கூடாது.
பேரக் கெடுத்துடாதே.

யார் பேரை என்று அவன் கேட்கவில்லை.
தலையாட்டினான்.
வெளியிலிருந்து இடது கதவைத் திறந்துவிட்டேன்,
ஏறிக்கொண்டான்.
மண்டிக்கு நேரமாகிவிட்டது.